பெரியாற்றின் கணக்கர்: கர்னல் ஜான் பென்னிகுவிக்

நிலக்கோட்டை வட்டத்து அணைப்பட்டிக்கு ஆஞ்சநேயரை வழிபடச் செல்வோர், அருகே வையையின் குறுக்கே நிற்கும் பேரணையையும் ஒருமுறை பார்த்துவிட்டே திரும்புவர். மதகுகளின் வழியே கால்வாயில் இறங்கி ஓடும் நீர் வையை நீர் என்றே அவர்கள் எண்ணுவர். பெயரளவில் அது சரியே. ஆனால் அந்நீரின் பெரும்பங்கு வருசநாட்டு மலைகளில் பெய்த மழையன்று. மலைத்தொடரின் மேற்புறத்தில் பெய்து, பெரியாறாகத் திரண்டு, அரபிக் கடலுக்குச் செல்லவிருந்த மழை அது. அதனைத் தடுத்து, மலையின் வயிற்றைத் துளைத்துக் கிழக்கே திருப்பியவர் ஜான் பென்னிகுவிக் என்பதை நம் பகுதியில் அறியாதார் இல்லை.

அவருடைய வரலாற்றைப் பத்தாம் ஆண்டு மலருக்கு எழுதுமாறு வட்டத்தார் பணித்தபோது, இலக்கியம் கற்பிக்கும் ஒருத்திக்கு அணைக்கட்டைப் பற்றி எழுத என்ன உரிமை என்று முதலில் தயங்கினேன். பிறகு வகுப்பறை நினைவுக்கு வந்தது. பரிபாடல் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், வையையில் இத்தனை வெள்ளம் எங்கிருந்து வந்தது, அது இன்று எங்கே போயிற்று என்று யாரேனும் ஒரு மாணவி கேட்காமல் இருப்பதில்லை. உரையாசிரியர்களிடம் அதற்கு விடை இல்லை. ஆற்றை அளந்தவர்களிடம் ஒரு பகுதி விடை உண்டு. அந்த அளவில் இக்கட்டுரைக்கு எனக்கும் சிறிது உரிமை உண்டு எனக் கொண்டேன்.

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையாரும் ஜான் பென்னிகுவிக் என்ற பெயரினரே. ஆங்கிலேயப் படையில் பிரிகேடியராக விளங்கியவர். 1849 சனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியப் படையோடு நிகழ்ந்த பெரும்போரில் அத்தந்தையார் வீழ்ந்தார். மகன் அலெக்சாந்தரும் அதே களத்தில், அதே நாளில் மாண்டார். பதினேழு வயதே நிரம்பிய அவ்விளைஞர் தந்தையின் உடலைக் காத்து நின்றபோது உயிர் நீத்தார் என்பர். தந்தையும் தமையனும் களத்தில் பட்டபோது நம் வரலாற்றுத் தலைவருக்கு எட்டு வயது நிரம்ப இரண்டு நாள் இருந்தது. மூதின் முல்லையைப் பாடம் சொல்லும் நமக்கு இக்குடும்பத்தின் கதை அயலானதாகத் தோன்றாது. ஆனால் யாருடைய நிலத்தில், யாரை எதிர்த்து அப்போர் நிகழ்ந்தது என்பதையும் மறந்துவிட வேண்டியதில்லை.

பின்னர் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியில் பயின்று, 1857இல் அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். கிழக்கிந்தியக் குழுமத்தின் படைக்குப் பொறியாளர்களையும் பீரங்கிப் படையினரையும் பயிற்றுவித்த கல்லூரி அது. 1858 இறுதியில் பொறியாளர் படைப்பிரிவில் லெப்டினன்டாக அமர்த்தப்பட்டு, 1860இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். குழுமத்தின் ஆட்சி முடிந்து, அரசியின் நேராட்சி தொடங்கியிருந்த காலம். 1867-68இல் அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றிப் பதக்கம் பெற்றார். அதன்பின் வாளைவிட அளவுச் சங்கிலியே அவருடைய கருவியாயிற்று. பொதுப்பணித் துறையில், பெரியாற்றுத் திட்டத்தின் ஆய்வில் அவர் ஈடுபடுத்தப்பட்டபோது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. அது நிறைவேறியபோது ஐம்பத்து நான்கு. ஒரு மனிதனின் வினையாற்றும் பருவம் முழுவதும் ஓர் ஆற்றோடு கழிந்தது எனலாம்.

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் அவருடையதன்று. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் மேடைகளில் அவரைப் புகழ்வோர் பிறரை மறந்துவிடுகின்றனர். 1789இல், இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை, பன்னிருவரை மலைக்கு அனுப்பி இதற்கான வழியை ஆராயச் செய்தார். வழி உண்டு என்று தெரிந்தும் பொருள் இன்மையால் கைவிடப்பட்டது. வையையின் கடைமடையில், கண்மாய்களை மட்டுமே நம்பியிருந்த நாட்டுக்குத்தான் இவ்வெண்ணம் முதலில் தோன்றியது என்பது சிந்திக்கத்தக்கது. தலைமடையில் இருப்பவனுக்கு ஆறு எங்கிருந்து வருகிறது என்ற கவலை எழுவதில்லை.

1808இல் கேப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்தார். (நம் மொழிநூலார் கால்டுவெல் வேறு, பெயர் ஒற்றுமையால் மயங்கற்க.) நீர்பிரி மேட்டை நூறு அடிக்கும் மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும் என்று கண்டு, இது நடவாத காரியம் எனத் தள்ளிவிட்டார். 1850இல் பேபர் என்பவரின் பொறுப்பில் சிறிய அணை ஒன்று தொடங்கப்பட்டது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிய தொழிலாளர் கூடுதல் கூலி கேட்க, வேலை நின்றது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் மண்ணணை ஒன்றை முன்மொழிந்தார். அவருக்குப் பின் ஸ்மித் என்பவரும், இளைஞரான பென்னிகுவிக்கும் அத்திட்டத்தை ஆராய்ந்தனர். கோப்புகள் மதுரைக்கும் சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தன.

அந்த இடைவேளையில் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது அதுவே. சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். மதுரை மாவட்டத்தின் பகுதியாக அன்று இருந்த நம் திண்டுக்கல் சமவெளியும் தப்பவில்லை. பெரியாற்றுத் திட்டத்தைத் தூசி தட்டி எடுக்க வைத்தது அப்பஞ்சமே. இதில் இரக்கம் எவ்வளவு, பஞ்ச நிவாரணச் செலவையும் வரி இழப்பையும் கண்ட அச்சம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம். பாசனத் திட்டம் ஒவ்வொன்றும் முதலீட்டுக்கு இத்தனை விழுக்காடு வட்டி ஈட்டுமா என்று பார்த்தே ஒப்புதல் அளித்த அரசு அது. 1882இல் திட்டத்தை மாற்றியமைத்துத் தருமாறு பென்னிகுவிக் பணிக்கப்பட்டார்.

இவ்விடத்தில் சற்று நின்று, ஓர் ஆற்றை எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்ல விரும்புகிறேன். வாழ்க்கை வரலாற்றில் இது வேண்டாத இடைச்செருகல் என்று கருதுவோர் பொறுத்தருள்க. பென்னிகுவிக்கின் வாழ்க்கையிலிருந்து இதை நீக்கிவிட்டால் எஞ்சுவது சிலையும் மாலையுமே.

மழை வேறு, ஓடிவரும் நீர் வேறு. பெய்ததில் ஒரு பகுதியை மண் குடிக்கும். ஒரு பகுதியை மரம் குடிக்கும். ஒரு பகுதி ஆவியாகும். மீந்ததே ஓடையாகவும் ஆறாகவும் வருவது. மீதி எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கோடையின் முதல் மழையில் நம் குளத்து வரத்துக்காலில் ஒரு சொட்டும் வராது. ஐப்பசியில் நிலம் நனைந்தபின் அதே அளவு மழை கரைபுரண்டு வரும். இதனை நம் மடைக்குடும்பர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். எண்ணால் அறியும் முயற்சி இந்தியாவில் தொடங்கியது பென்னிகுவிக்கின் காலத்தில்தான். நாகபுரியின் குடிநீர்த் திட்டத்துக்காக அலெக்சாந்தர் பின்னி என்ற பொறியாளர் 1869இலும் 1872இலும் சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றில் மழையையும் ஓடிவந்த நீரையும் அளந்து, இத்தனை மழைக்கு இத்தனை விழுக்காடு நீர் என்று அட்டவணை வகுத்தார். 1883இல் ரிப்பிள் என்பவர், மாதந்தோறும் ஆற்றில் வந்த நீரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி வளைகோடாக வரைந்து, தேவையின் கோட்டை அதனோடு பொருத்தி, எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும் என்று காணும் முறையை வெளியிட்டார். வெள்ளத்தின் உச்சத்தைக் கணிக்க, நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கொண்டு எழுதப்பட்ட ரைவ்ஸ் சூத்திரம் நம் மாகாணத்தில் தோன்றியதும் அந்தப் பத்தாண்டிலேயே. தென்னாட்டுப் பொறியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ஆக, மூன்று கேள்விகள். ஆண்டு முழுவதும் ஆறு எவ்வளவு கொண்டு வரும்? எந்தெந்த மாதத்தில் கொண்டு வரும்? ஒரே நாளில் மிக அதிகமாக எவ்வளவு கொண்டு வரும்? முதற் கேள்விக்கு விடை தெரியாமல் கால்வாய் வெட்டினால் கால்வாய் காயும். இரண்டாவது தெரியாவிட்டால் தேக்கம் சிறுத்தோ பெருத்தோ போகும். மூன்றாவது தெரியாவிட்டால் அணையே போகும்.

பெரியாற்றின் அணைக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 624 சதுர கிலோமீட்டர். அணை முழுதும் நிரம்பினால் 152 அடி மட்டத்தில் 443 மில்லியன் கன மீட்டர், அதாவது 15 டி.எம்.சி.க்குச் சற்று மேல் நிற்கும். இவ்விரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு நானே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பரப்பு முழுவதிலும் 71 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஓடி வந்தால் ஏரி நிறைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் அம்மலையில் இது அரிதான அளவன்று. நம் திண்டுக்கல் சமவெளியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே 80 சென்டிமீட்டரை ஒட்டியது. அதில் பத்தில் ஒன்று ஓடி வந்தாலும் 8 சென்டிமீட்டர்தான். பெரியாற்றைத் திருப்ப வேண்டும் என்று சேதுபதியின் அமைச்சர் எண்ணியதன் நியாயம் இந்த 71க்கும் 8க்கும் இடையில் இருக்கிறது.

ஏரியின் நீர் முழுவதும் கிழக்கே வருவதில்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. சுரங்கத்துக்கு நீர் செல்லும் மட்டம் 104 அடி. அதற்குக் கீழே நிற்கும் நீர், மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஏரியிலேயே தங்கிவிடும். எனினும் பருவமழைக் காலத்தில் ஏரி நிறைய நிறையச் சுரங்கம் நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், ஓராண்டில் திருப்பப்படும் நீர் ஏரியில் ஒரு நேரத்தில் நிற்கும் நீரைவிட மிகும். தேக்கி வைப்பதும் ஓடவிடுவதும் சேர்ந்த கணக்கு அது. மேற்கே ஆனி, ஆடியில் வரும் வெள்ளத்தை, கிழக்கே நாற்றங்கால் கேட்கும் மாதத்தோடும் கதிர் முற்றும் மாதத்தோடும் பொருத்த வேண்டும்.

பென்னிகுவிக் செய்த பெரிய மாற்றம் மூன்றாம் கேள்வியைச் சார்ந்தது. அவருக்கு முன்னிருந்தவர்கள் மண்ணணையை எண்ணினர். மண்ணணையின் மீது வெள்ளம் ஏறி வழிந்தால் அதன் கதை சில நாழிகையில் முடிந்துவிடும். கட்டி முடித்தபின் கலிங்கு வைத்துக் காக்கலாம். கட்டிக்கொண்டிருக்கும்போது வரும் வெள்ளத்தை என்ன செய்வது? பெரியாறு போன்ற ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டு என்று ஒன்று இல்லை. எனவே சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்ட காரைக் கட்டுமானமே வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பாதி எழுந்த சுவரின் மீது வெள்ளம் வழிந்தோடினாலும் அது நிற்கும். அணையின் வடிவம் அழகுணர்ச்சியிலிருந்தோ துணிச்சலிலிருந்தோ பிறக்கவில்லை. ஆற்றின் சினத்தை மதித்த அறிவிலிருந்து பிறந்தது.

1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய், 999 ஆண்டுக் காலம். சமமற்ற இருவர் செய்த உடன்படிக்கை அது. அதன் நிழல் பின்னால் நெடுந்தொலைவு நீண்டது.

1887இல் வேலை தொடங்கியது. புகைவண்டி கிட்டியது அம்மையநாயக்கனூரில்தான். இன்று கொடைக்கானல் ரோடு என்று நாம் சொல்லும் நிலையம். இயந்திரங்களும் இரும்பும் அங்கே இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மாட்டு வண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கின் தலைக்குச் சென்றன. அங்கிருந்து மலைமேல் ஏற்றுவது தனிப் பாடு. நம் மாவட்டத்து வண்டித்தடம் ஒன்று அந்த அணையின் வரலாற்றில் புதைந்து கிடப்பதை உள்ளூர் வரலாறு எழுதுவோர் கவனிப்பதில்லை என்பது என் குறை.

மலையில் காடு, யானை, குளிர், ஓயாத மழை, மலேரியா. காய்ச்சல் கடுமையாகும் கோடை மாதங்களில் முகாம் வெறிச்சோடிவிடும். ஆள் கிடைப்பது அரிதாக இருந்த தொடக்கத்தில் மதராஸ் பயனியர் படையினர் உழைத்தனர். ஆற்றை விலக்கும் தற்காலிக அணைகளுக்குக் கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தனர். பின்னர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். அவர்கள் எழுப்பிய தற்காலிக அணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. எழுதி வைத்த எண்கள் எத்தனை இருந்தாலும், அவ்வாண்டின் வெள்ளம் அவ்வாண்டின் வெள்ளமே. ஒரு பருவம் முழுவதும் போட்டதை ஓர் இரவில் இழந்து, அடுத்த பருவம் மீண்டும் அதே இடத்தில் தொடங்குவதற்கு எத்தகைய நெஞ்சம் வேண்டும் என்று கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம். நோயால் மட்டும் அங்கே மாண்டோர் நானூற்றுக்கும் மேற்பட்டவர். அவர்களைப் புதைத்த இடம் அணைக்கு அருகே இருக்கிறது.

அணை எழுந்துகொண்டிருந்தபோதே மறுபுறம் சுரங்கம் குடையப்பட்டது. ஏறத்தாழ 5700 அடி நீளம்; கருங்கல். காற்றழுத்தத்தால் இயங்கும் துளைக்கருவிகளைப் பயன்படுத்தினர். சுரங்கத்தின் வாயில் வெளிவரும் நீர் வைரவன் ஆற்றில் இறங்கி, சுருளியாற்றில் கலந்து, வையையை அடையும். கால்டுவெல் நூறடி ஆழ வாய்க்காலை நினைத்து மலைத்த இடத்தில், நீரை உயர்த்தி நிறுத்தி, மலைக்குள் வழி திறந்தார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார். ஆழ்ந்த அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் 1200 அடி நீளமும் கொண்ட அணை. அவ்வளவு பெரிய ஆற்றை இவ்வாறு ஒரு வடிநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய முயற்சிகள் உலகில் அன்று மிகச் சிலவே. பென்னிகுவிக்குக்கு சி.எஸ்.ஐ. என்னும் விருது வழங்கப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது. பேரணையிலிருந்து பிரிந்த பெரியாற்றுக் கால்வாய் நிலக்கோட்டையின் ஒரு பகுதியையும் வாடிப்பட்டியையும் நனைத்து மேலூர் வரை சென்றது. மானாவாரிப் புன்செய் நன்செய் ஆயிற்று. நிலத்தின் விலையும் ஏறியது, தீர்வையும் ஏறியது. யாருடைய வயலுக்கு மடை திறந்தது, யாருடைய வயல் மேட்டில் நின்றது என்பதும் ஊருக்கு ஊர் வேறுபட்ட கதை. 1959இல் வையை அணை திறக்கப்பட்டபின் பெரியாற்று நீருக்குச் சமவெளியிலும் ஒரு தங்குமிடம் கிடைத்தது.

இனி, எல்லோரும் எதிர்பார்க்கும் செய்தி. வெள்ளத்தால் வேலை அழிந்து, அரசு பணம் தர மறுத்தபோது, பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார் என்று நம் பகுதியில் வழங்குகிறது. பள்ளி மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் இதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களுள் நானும் ஒருத்தி. ஆயினும் ஆய்வு என்று வந்தபின் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். அணை அரசின் திட்டமாக, அரசின் பணத்தில் கட்டப்பட்டது என்பதே ஆவணங்கள் காட்டுவது. உடன் பணியாற்றிய மெக்கன்சி என்னும் பொறியாளர் 1899இல் வெளியிட்ட விரிவான வரலாற்று நூலே திட்டம் பற்றிய முதன்மைச் சான்று. சொத்தை விற்ற கதை மக்கள் வாய்மொழியில் வாழ்வது.

அதனால் அக்கதை பொய் என்று தள்ளிவிடலாமா? வாய்மொழி வழக்காற்றைப் படிப்போர் அவ்வாறு செய்யார். காரி, பாரி என்று வள்ளல்களைப் பாடிய மரபு, தனக்கு நீர் தந்தவனையும் அவ்வரிசையில் நிறுத்த விரும்புகிறது. கொடுப்பதென்றால் தன் பொருளைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது நம் இலக்கணம். ஆனால் அக்கதை பெரிதாகப் பெரிதாக, அவர் உண்மையில் கொடுத்தது மறைந்துபோகிறது. அவர் கொடுத்தது இருபத்தைந்து ஆண்டுக் கவனம். மழைமானியின் எண்களையும் ஆற்றின் ஓட்டத்தையும் நம்பி, நம்பியதற்கேற்ப அணையின் பொருளையே மாற்றிய தெளிவு. கேட்போர்க்கு நகை விற்ற கதை இனிக்கும், இது இனிக்காது. அதற்காக ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1896இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இந்தியப் பணிக்காகப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். அங்கிருந்தபோதும் ஆறுகள் அவரை விடவில்லை. ஆத்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1893ஆம் ஆண்டு பிரிஸ்பேன் நகரை வெள்ளம் மூழ்கடித்திருந்தது. அந்த ஆற்றின் வெள்ளத்தைத் தணிக்க வழி காணுமாறு அவரை அழைத்தனர்; 1899இல் சென்று ஆராய்ந்து அறிக்கை அளித்தார். பெரியாற்றில் நீரை வரவழைக்கப் போட்ட அதே கணக்கை, பிரிஸ்பேனில் நீரை விலக்கப் போட வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். பென்னிகுவிக்கின் கொடை நிலக்கோட்டையோடு நின்றது; திண்டுக்கல் நகரை அடையவில்லை. காரணம் மனிதர் அல்லர், நிலம். மலைக்கோட்டையைச் சுற்றிய சமவெளியின் நீர் வையைக்குச் செல்வதில்லை. குடகனாற்றில் இறங்கி, வடக்கே ஓடி, அமராவதி வழியாகக் காவிரிக்குச் செல்வது. சிறுமலைக்கு ஒரு பக்கம் வையை நாடு, மறுபக்கம் காவிரி நாடு. நாம் கீழ்ப்பழனி மலையின் ஓடைகளையும் குளங்களையும் ஆழக் கிணறுகளையும் நம்பியே வாழ்ந்தோம். கிணறுகளையும் தோல் தொழிற்சாலைக் கழிவு பல இடங்களில் கெடுத்தது. ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கம் நெடுங்காலம் நகரின் தாகம் தீர்த்தது. அது வற்றும் ஆண்டுகளில் குடங்கள் தெருவில் வரிசை நின்றதை நம்மில் பலர் கண்டோம். பின்னர் பேரணையிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்தது. பென்னிகுவிக்கின் வாழ்நாளில் நமக்கு எட்டாத நீர், அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் நம் வீட்டுக் குழாயில் ஒரு பங்காகச் சேர்ந்தது.

குடகனாற்றின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். வேடசந்தூர் வட்டத்தில் அழகாபுரி அருகே அவ்வாற்றின் குறுக்கே மண்ணணை ஒன்று கட்டப்பட்டது. கட்டி முடித்த 1977ஆம் ஆண்டிலேயே, நவம்பர்ப் புயல்மழையில், எதிர்பார்த்ததை மிஞ்சிய வெள்ளம் வந்தது. ஐந்து அடைப்புகளை உயர்த்த வேண்டும், மின்சாரம் நின்றுவிட்டது. மாற்று இயந்திரமும் உதவாமல், ஆட்கள் கையால் சுற்றி உயர்த்த முயன்றனர். அதற்குள் நீர் கரைமேல் ஏறி வழிந்தது. பின்கரையை அரித்து, பல இடங்களில் அணை உடைந்தது. கீழ்க்கரை ஊர்களில் உயிர்களும் வீடுகளும் போயின. மண்ணணையின் மீது நீர் வழியக்கூடாது என்று 1882இல் பென்னிகுவிக் அஞ்சியது எதுவோ, அதுவே நம் கண்முன் நிகழ்ந்தது. அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. சிறிய ஆறு என்று அசட்டையாக இருக்கும் இடத்தில்தான் ஓட்டத்தை அளந்த ஏடுகள் குறைவாக இருக்கும்; பெரிய ஆறுகளுக்கு நூற்றாண்டுக் கணக்கு உண்டு. குடகனாறும் சந்தனவர்த்தினியும் மாங்கரையாறும் நம் கவிதைகளிலும் குறைவு, பதிவேடுகளிலும் குறைவு.

பெரியாற்று அணையின் உறுதி பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே எழுந்த வழக்கு அனைவரும் அறிந்தது. 1979க்குப் பின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது, அணை வலுப்படுத்தப்பட்டது, 2006இலும் பின்னர் 2014இலும் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு இசைவு தந்தது. அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சத்தையும், கிழக்கே வயல் வைத்திருப்போரின் கவலையையும் ஒரே நெஞ்சில் வைத்துப் பேசுவோரை இரு புறத்திலும் காண்பது அரிதாயிருக்கிறது. அந்த வழக்கிலும், ஒரே நாளில் அந்த மலை எவ்வளவு நீரை அனுப்பக்கூடும் என்ற பழைய மூன்றாம் கேள்வியே மீண்டும் மீண்டும் வாதிடப்பட்டது.

பென்னிகுவிக் 1879இல் கிரேஸ் ஜார்ஜினா சேமியர் என்னும் பெண்மணியை மணந்தவர். பணிக்காலத்தின் கடினமான ஆண்டுகள் அவ்வம்மையாருக்கும் உரியவை. அவரைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு, நகை விற்ற கதையில் தவிர. இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் 1911 மார்ச் 9ஆம் நாள், எழுபது வயதில் பென்னிகுவிக் மறைந்தார். லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013 சனவரி 15 அன்று திறக்கப்பட்டது. 2022இல் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளில், தைப்பொங்கலை ஒட்டி, அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். அங்குள்ள வீடுகள் சிலவற்றில் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தொலிகள் கரைந்து, பென்னி என்று கூப்பிட்டால் வயலிலிருந்து ஒரு சிறுவன் ஓடிவருகிறான்.